பொங்கலன்று சொன்ன பதில்

ஏகாம்பரகுப்பம், நகரி.

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து நீ சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் வேலை அதிகம் என்கிறாய். அது இருக்கட்டும்.

திண்ணையில் நீ கேட்டது நினைவிருக்கிறதா? சரியான உதிரிபாகம் கிடைக்காதபோது, அதே அளவில் வேறொன்றைப் போடலாமா என்று கேட்டாய். தாராளமாகப் போடலாம், நாற்பது வருடமாகத் தறியில் அதைத்தானே செய்தேன் என்றேன். அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

2020 மே மாதம் மாலத்தீவிலிருந்து 698 பேரை நம் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் கொச்சிக்குக் கொண்டுவந்தபோது, என் மகன் பழுதுபார்க்கும் கப்பல் என்று தெருவையே அழைத்துத் தொலைக்காட்சியில் காட்டினேன். அது 1971இல் ட்ரென்டன் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 2007இல் நம்மிடம் வந்தது என்பதையும், அதனோடு பிறந்த கப்பல்களில் அங்கே கடைசியாக ஓடிய பான்ஸும் 2017இல் ஓய்வுபெற்றுவிட்டது என்பதையும் நீதான் சொன்னாய். உடன்பிறந்தவை எல்லாம் ஓய்ந்தபின் பாகத்துக்கு எங்கே போவது? தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, கதவைத் திறந்து, தரையிறங்கு படகுகளை மிதக்கவிட்டு, மறுபடியும் அந்த நீரையெல்லாம் வெளியேற்றி நிமிர வேண்டிய கப்பலில் எத்தனை வால்வு, எத்தனை பம்பு இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் கொதிகலனும் நீராவியும்.

ஐவோ ஜிமா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கதையையும் அன்றுதான் சொன்னாய். 1990 அக்டோபரில், பழுதுபார்த்து முடித்த நீராவி வால்வின் மூடியில் எஃகு நட்டுக்குப் பதிலாகக் கருப்புப் பூச்சுப் பூசிய பித்தளை நட்டுகள் இருந்தன. மூடி பிய்த்துக்கொண்டது, பத்துப் பேர் இறந்தார்கள். பார்ப்பதற்கு எஃகு போலவே இருந்ததாம். நான்கு நட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நான் பேச்சை மாற்றினேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எழுந்து போனாய்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1994இல் மூன்றாம் தறியில் நாடாவை, அதாவது ஊடைநூல் சுமந்து ஓடும் கட்டையை, அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்துவிட்டது. நல்ல எருமைத்தோல் பிக்கர் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்; வாரத்துக்குள் உருப்படி கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பெல்ட்டை அதே அளவில் வெட்டிப் பொருத்தினேன். மறுநாள் காலை அது கிழிந்து, நாடா தறியை விட்டுப் பறந்தது. அத்தையின் வலது கண் அப்படித்தான் போயிற்று. அவள் குனிந்து நின்றதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளும் அதையே நம்பிக்கொண்டு, இன்றுவரை தன் கவனக்குறைவு என்றே சொல்லிவருகிறாள்.

மாற்றுப் பாகம் எதற்கும் சரி என்று நீ இதுவரை கையெழுத்துப் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. இனிமேல் அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடாதே. எந்த உலோகம், எவ்வளவு அழுத்தம் தாங்கும், யார் சோதித்தது என்ற தாள் கையில் இல்லாமல் போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தால், அதை மேலதிகாரியிடம் நீயே போய்ச் சொல். வேலை போனாலும் பரவாயில்லை, வீட்டில் சோறு இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடாதே.

வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறேன். அதற்கு முன் நீ பேசினால், அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. அவளுக்கும் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும்.

அப்பா