கண்ணை மூடினால் அரியர்தான் தெரிகிறதா?

அன்புள்ள கண்ணு,

கல்லூரியில் தினமும் தியான வகுப்பு வைத்திருக்கிறார்கள், ஆனால் "கண்ணை மூடினால் அரியர்தான் தெரியுது அம்மா" என்று நேற்று போனில் சொன்னாய். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ மூன்றாவது படிக்கும்போது மழை பொய்த்துத் தென்னை காய்ந்தது. கடன் கழுத்தை நெரித்தது. அப்போதுதான் ஆழியாறு அறிவுத்திருக்கோயிலுக்குப் போனேன், வேதாத்திரி மகரிஷி தொடங்கிய தியான மையம் அது. புருவ மத்தியில் மனதை வைக்கச் சொன்னார்கள். எனக்கு அங்கே பேங்க் நோட்டீஸ்தான் தெரிந்தது.

என்னைக் கரை சேர்த்தது தவம் என்று அவர்கள் சொல்லும் அந்தத் தியானம் இல்லை, அகத்தாய்வு, அதாவது நம்மை நாமே எழுதி ஆராய்ந்து பார்ப்பது. கவலைகளை நான்காகப் பிரித்து எழுதுவது மகரிஷி சொல்லிவிட்டுப் போன முறை: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மழை முதல் கட்டத்துக்குப் போனது. ஓடு மாற்றுவது இரண்டாவதில், ஊர்ப்பேச்சு மூன்றாவதில். நான்காவதில் மிஞ்சியது தவணை ஒன்றுதான். மறுநாளே மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் கண்ணை மூடி உட்கார முடிந்தது.

கேம்பிரிட்ஜில் 616 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 8 வாரம் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் கவனம் வைக்கும் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். பரீட்சை நேரத்தில் அவர்களுக்கு மன அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நம் முறை வேறு, அது வேறு, தெரியும். ஆனால் அங்கே விரும்பி வந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். உங்கள் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ இன்றைக்கு ஒரு தாளில் நான்கு கட்டம் போடு. அரியர் பரீட்சைக்குப் படிப்பது எந்தக் கட்டம், மாமா என்ன நினைப்பார் என்பது எந்தக் கட்டம் என்று நீயே பார்.

ஒன்று மட்டும் கேள், சாமி. கண்ணை மூடும்போது பயம் கூடினால் திறந்துவிடு, வெளியே நடந்துவிட்டு வா. தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் கெட்டால் தியானத்தை நம்பி இருக்காதே. கல்லூரி கவுன்சலரைப் பார், இல்லையென்றால் 14416-க்கு கூப்பிடு. அது டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண். நடுராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம். என்னையும் எழுப்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நான்காவது கட்டத்தில் என்ன எழுதினாய் என்று மட்டும் சொல். மற்ற மூன்றும் உன்னிடமே இருக்கட்டும்.

வாழ்க வளமுடன்,
அம்மா