‘அலட்டிக்கொள்ளாமல் இருங்கள்’ என்ற வரி குறித்து

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில், மூளை, முண்ணாண் நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய் பற்றி வெளியான கட்டுரையின் கடைசிப் பந்தியில், “இந்நோய் கண்டவர்கள் உடலை அலட்டிக்கொள்ளாமல் ஓய்வாக இருப்பதே உத்தமம்” என்று எழுதப்பட்டிருந்தது. முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன்.

2009 இல், எனது 27 ஆவது வயதில், எனக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தபோது எங்கள் வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். அம்மா ஒரு வாளி தண்ணீர் தூக்க விடவில்லை. தேநீர் கட்டிலுக்கே வந்தது. பார்க்க வந்த பெரியம்மா “பிள்ளை படுக்கட்டும்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார். அன்பினால் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் அப்படிக் கிடந்த பின்பு, நோய் பாதித்த இடது கால் மட்டுமல்ல, நோய் தொடாத வலது காலும் சூம்பிப் போயிருந்தது.

கிளினிக்கில் ஒரு பிசியோதெரபிஸ்ட், கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழுந்து நிற்கச் சொன்னார். முதல் நாள் ஒரு தடவைகூட முடியவில்லை. மூன்றாம் மாதம் பத்துத் தடவை எழுந்தேன். இப்போது வெயில் ஏறுமுன் ஐந்தரை மணிக்கே, கழுத்தில் ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு, கைத்தடியுடன் மரைன் டிரைவ் வழியே வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடக்கிறேன்.

அந்த ஈரத் துவாய்க்கு ஒரு காரணம் உண்டு. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைந்த இடங்களில், உடல் சற்றுச் சூடேறினாலே நரம்புச் செய்தி தடுமாறும். பார்வை மங்கும், கால் கனக்கும். உத்தோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890 இல் இதைப் பதிவுசெய்தார். உடலை வருத்தினால் நோய் முற்றிவிடும் என்ற பயம் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உடல் குளிர்ந்ததும் அந்தத் தடுமாற்றம் தணிந்துவிடும் என்பதும், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 15 வாரங்கள் பயிற்சி செய்த நோயாளரின் உடல்வலு கூடியிருந்தது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. நோய் மறுபடி தலைதூக்கும் நாட்களில் ஓய்வு வேண்டும்தான். பயிற்சி மருந்துக்கு மாற்றீடும் அல்ல. இவற்றை எழுத ஒரு பந்தி போதுமே, ஐயா.

எனது மனத்தாங்கல் இந்த ஒரு வரியோடு தொடங்கியதல்ல. மூன்று வருடங்களுக்கு முன் மே 30, உலக எம்.எஸ். தினத்தன்று, சக்கர நாற்காலியில் முகம் பொத்தி அழும் பெண்ணின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அது குறித்து நான் எழுதிய கடிதம் வெளிவரவேயில்லை. காலி வீதி பஸ்ஸில், வலது குறைந்தோருக்கான ஆசனத்தில் இருந்த என்னை, “பார்த்தால் வருத்தக்காரி மாதிரி இல்லையே” என்று எழுப்பிவிட்டதைப் பற்றி எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, ‘பஸ்ஸில் ஒழுங்கீனம்’ என்று தலைப்பிட்டீர்கள். அழுதால்தான் எங்களை நோயாளர் என்று நம்புவீர்களா?

கிளினிக் வாங்கில் காத்திருந்தபோது பழக்கமான நாங்கள் ஆறு பேர், சனிக்கிழமை மாலைகளில் ஒரு தொடர்மாடியின் பொது மண்டபத்தில் கூடுகிறோம். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, கதிரையின் முதுகைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தி இறக்குவோம். எண்ணுவது ஒரு வாரம் தமிழில், மறுவாரம் சிங்களத்தில். களைத்தவர் அமர்ந்துகொள்வார், யாரும் ஏனென்று கேட்பதில்லை. அந்த நிம்மதி எனக்கு வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

எங்களில் இளையவள் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த 24 வயதுப் பிள்ளை. நோய் தெரியவந்து ஐந்து மாதந்தான் ஆகிறது. இந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, தகப்பனார் தங்கள் கட்டுரையை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டதாகவும், இனி மாடிப்படிகூட ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் கூறினாள். பத்திரிகையில் வந்ததை நான் எப்படி மறுத்துப் பேசுவது?

ஆகையால் நான் கேட்பது நான்கு வரித் திருத்தம் மட்டுமே: இந்நோயாளர் தமது நரம்பியல் வைத்தியரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டு, இயன்ற அளவில் உடற்பயிற்சி செய்யலாம், செய்யவும் வேண்டும் என்று போடுங்கள். தயவுசெய்து அடுத்த ஞாயிறு, அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள். அந்தத் தகப்பனார் வாசிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.