கலங்கல் விலாங்கைக் கடலுக்கு விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் விலாங்கு மீன் குழம்புச் செய்முறை வெளியாகியிருந்தது. நம் ஏரி மீன்களுக்கு யாராவது பக்கம் ஒதுக்கமாட்டார்களா என்று ஏங்குகிறவள் நான்; அதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் கலங்கலில், அதாவது ஏரி நிரம்பி உபரி நீர் வழியும் இடத்தில், பிடிபடும் பெரிய விலாங்காக, முட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விலாங்கைத்தான் வாங்கக் கூடாது.

எனக்கு வயது 67. குன்றத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் ஓடை வழியாக அடையாற்றில் போய்ச் சேரும். அப்பா கோடையில், பொழுது சாய்ந்த பிறகு, மதகுக் கல் இடுக்கில் மண்புழு கோத்த தூண்டிலை விடுவார். வயிறு மஞ்சளாக, ஒரு முழ நீளத்தில் விலாங்கு கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் தூண்டிலைத் தொடவே மாட்டார். கலங்கலுக்குக் கீழே ஓடும் தண்ணீரில் பறியை, அதாவது மூங்கிலால் முடைந்த மீன் பிடிக்கும் கூட்டை, கட்டிவைத்துவிட்டு வந்துவிடுவார். இரை எதுவும் வைப்பதில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் என் கைப் பருமனில், முதுகு கறுத்து வயிறு வெள்ளியாக மின்னும் விலாங்கு உள்ளே சுருண்டு கிடக்கும்.

அதைக் கழுவுவது பெரிய வேலை. அம்மா கல் உப்பையும் அடுப்புச் சாம்பலையும் கொட்டிப் புரட்டுவார். கோழை நூல் நூலாகத் திரண்டு வரும். கோணித் துண்டால் பிடித்து உருவி, மறுபடி சாம்பலில் புரட்டுவார். விலாங்கின் பச்சை இரத்தத்தில் நஞ்சு உண்டு, கண்ணில் பட்டால் எரியும், வெந்துவிட்டால் தீங்கில்லை. உங்கள் செய்முறையில் இது விடுபட்டிருக்கிறது, அவசியம் சேர்க்க வேண்டும். குழம்புக்கு எண்ணெயும் அவ்வளவு தேவையில்லை. வெந்தயமும் பூண்டும் தாளிக்கும் அளவுக்கு ஊற்றினால் போதும், மீனின் நெய்யே புளிக்குழம்பின் மேல் மிதக்கும்.

ஒரு மழைக்காலக் காலையில் அரிவாள்மனையில் ஒரு பெரிய விலாங்கைக் கீறிய அம்மா, அப்படியே கையை நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "உடம்பெல்லாம் கொழுப்பு. குடலைப் பாரடி, நூல் மாதிரி வற்றிக் கிடக்கிறது. இது எதைத் தின்று இப்படிக் கொழுத்தது?" எனக்கும் புரியவில்லை. முட்டையும் இல்லை. எத்தனை விலாங்கு அறுத்திருப்போம்! ஒன்றின் வயிற்றிலும் முதிர்ந்த முட்டையைப் பார்த்ததே இல்லை.

விலங்கியல் படித்த என் மகள்தான் பல ஆண்டுகள் கழித்து விளக்கினாள். விலாங்கு ஏரியில் முட்டையிடுவதில்லை. பிறப்பது ஆழ்கடலில். கண்ணாடிபோல் உடம்பு தெரியும் குஞ்சாக ஆற்றுமுகத்தில் நுழைந்து, எதிர்நீச்சல் போட்டு ஏரிக்கு வந்து, பல ஆண்டுகள் தின்று வளரும். காலம் வந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். குடல் சுருங்கும், கண் பெரிதாகும். சேர்த்துவைத்த கொழுப்பை மட்டுமே நம்பி வெள்ளத்தோடு இறங்கிவிடும். எங்கள் ஓடையிலிருந்து புறப்பட்டால் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் கடந்து, ஆற்றுமுகத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்கு அப்பால் கடல். முட்டை முதிர்வது அங்கே போகும் வழியில்தான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும்.

அப்படியானால் அப்பாவின் பறியில் விழுந்தவை எல்லாம் தாய் வீட்டுக்குப் புறப்பட்டவை. அன்று எங்களுக்குத் தெரியாது, சாப்பிட்டோம். இன்று தெரிகிறது. கெண்டைக் குஞ்சு வாங்கி விடுவதுபோல் விலாங்குக் குஞ்சைப் பண்ணையில் பொரிக்கவைத்து ஏரியில் விட்டு ஈடுகட்டவும் முடியாது. வெளிநாடுகளில் விலாங்குப் பண்ணை வைத்திருப்பவர்கள்கூடக் கடலிலிருந்து வரும் குஞ்சைப் பிடித்துத்தான் வளர்க்கிறார்கள். இறங்குகிற பெரியவற்றைப் பிடித்துவிட்டால் ஏறிவரக் குஞ்சு ஏது? கழிவுநீரையும், ஆற்றுமுகத்தை அடைக்கும் மணல்திட்டையும் தாண்டி அடையாற்றில் ஏறிவருவதே அவற்றுக்குப் பெரும்பாடு.

விலாங்கே சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் குழம்பின் ருசி அறிந்தவள் நான். கோடையில் தூண்டிலில் வந்த மஞ்சள் வயிற்று விலாங்கை, அதுவும் எப்போதாவது, வாங்கிச் சமைக்கட்டும். வாங்குமுன் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, கண் பெரிதாக விழித்திருந்தால் அது கடலுக்குப் போகிற மீன். பறியில் உயிரோடு கிடந்தால் ஓடும் தண்ணீரிலேயே விட்டுவிடலாம்.

வரும் இணைப்பிலேயே அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் கலங்கலில் பறி கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்றத்தூர், சென்னை.