அழிக்கும் முன் அச்சிட்டுக் கொடுங்கள்: கார் நிறுவனத்தின் சர்வீஸ் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் புதிய சிறிய குடும்பக் காரில், கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாறும் ஏ.எம்.டி. மாடலை வாங்கி, கடலூரிலும் புதுச்சேரியிலும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் சார்பில் இதை எழுதுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்ப்ளேயில் நியூட்ரலைக் குறிக்கும் 'என்' மின்னுவது, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காமல் எஞ்சின் மட்டும் உறுமுவது, சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடுவது, இதெல்லாம் உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. உங்கள் ஏரியா மேலாளருக்கு மெயில்கள் வந்திருக்கின்றன. டீலர் பட்டறைகளின் ஜாப் கார்டுகளில் 'ஜெர்க்', 'பிக்கப் இல்லை' என்ற இரண்டு சொற்களில் அவை சுருங்கியும் இருக்கின்றன. ஆகவே பின்னணியை விளக்கப் போவதில்லை.

வெளிப்படையாக எழுதக் காரணம், அண்மையில் ஒரு மாலை புதுச்சேரி-கடலூர் சாலையிலுள்ள அரியாங்குப்பம் பாலத்தின் மேல் இந்த மாடல் கார் ஒன்று கியரிலேயே இறுகி நின்றதும், அதன்பின் உங்கள் பட்டறையில் நடந்ததும்தான்.

கியர் போட்டு ஓட்டும் சாதாரண கார் நடுவழியில் நின்றால் நியூட்ரலுக்குத் தட்டி, இரண்டு பேர் தள்ளி ஓரங்கட்டிவிடலாம். இந்தக் காரில் அது முடியாது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். கிளட்ச் இயல்பு நிலையில் பிடித்தபடிதான் இருக்கும். அதை விடுவிக்க ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தம் வேண்டும், கியரை நியூட்ரலுக்குத் தள்ளவும் அதே அழுத்தம்தான் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப் ஓடவில்லை என்றாலோ, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் ஒழுங்காகப் போகவில்லை என்றாலோ, லீவரை 'என்'னில் வைப்பதால் மட்டும் உள்ளே எதுவும் நகராது. முன் சக்கரங்கள் எஞ்சினோடு பூட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை பேர் தள்ளினாலும் வண்டி அசையாது. முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் டிராலி கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். ரெக்கவரி வண்டியே அந்த நெரிசலுக்குள் நுழைந்து வந்தாக வேண்டும். கடலூர் பேருந்துகளும் பள்ளி வேன்களும் ஜிப்மருக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும் ஆம்புலன்ஸும் அந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. காரில் பின் சீட்டில் குழந்தையும் வயதானவரும் இருந்தார்கள். குடும்பக் கார் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?

பட்டறைக்குப் போவதற்குள் வண்டி ஆறிவிட்டது. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது, கியரும் விழுந்தது. ஸ்கேனரை மாட்டினார்கள், பழுதைக் குறிக்கும் எரர் கோடுகள் தெரிந்தன, அழித்தார்கள். காலியான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'செக் செய்தோம், ஓகே' என்று எழுதி வண்டியைக் கையில் கொடுத்தார்கள். என்ன கோடு வந்தது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "அது பழைய கோடு சார், கிளியர் பண்ணியாச்சு."

எங்கள் கோரிக்கை இந்த ஒரு பதிலைப் பற்றியதுதான். ஸ்கேனரில் வரும் எரர் கோடுகளை அழிக்கும் முன், அவற்றோடு பதிவான விவரங்களையும் சேர்த்து அச்சிட்டு, ஜாப் கார்டோடு வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் பட்டறை ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். ஒரு கோடு பதிவாகும்போது, அந்த நேரத்தில் வண்டியின் வேகம், எஞ்சின் சூடு, பேட்டரி வோல்டேஜ் போன்ற அளவுகளையும் கம்ப்யூட்டர் எழுதி வைக்கிறது. 'கிளியர்' பட்டனை அழுத்தினால் கோடோடு சேர்ந்து அந்த அளவுகளும் போய்விடும். விட்டு விட்டு வரும் பழுதுக்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஈ.சி.ஜி. எடுத்த மருத்துவர் நோயாளியிடம் காட்டாமல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு 'இப்போது வலி இல்லையே, வீட்டுக்குப் போங்கள்' என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கோடு தெரிந்தால் பழுதின் திசை தெரியும். பி0562 (P0562) என்றால் வண்டியின் மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது. பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், பேட்டரியின் நெகடிவ் முனையை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் ஒயர் என்று தேட வேண்டும். பி0571 (P0571) என்றால் பிரேக் பெடல் சுவிட்ச். பிரேக்கை மிதித்த தகவல் போய்ச் சேராவிட்டால் இந்தக் கியர்பாக்ஸ் ஓடும் நிலையான 'டி'க்குப் போகவே போகாது. விலை குறைந்த அந்த சுவிட்சுக்காக, கிளட்சையும் கியரையும் இயக்கும் ஆக்சுவேட்டரையே குறை சொல்லக் கூடாது. யு0101 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தொடர்பு அறுந்திருக்கிறது. கனெக்டரையும் ஒயரிங்கையும் பார்க்க வேண்டும். இவற்றில் எது வந்தாலும் கிளட்ச் பிளேட்டை மாற்றுவது வைத்தியம் ஆகாது. ஆனால் வாரண்டி முடிந்த வண்டி என்றால் முதலில் வருவது கிளட்ச் செட்டுக்கான எஸ்டிமேட்தான்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி.

'கோடுகளை நீங்களே பார்த்துக்கொள்ளலாமே' என்று எங்களிடம் கேட்கக்கூடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் மாட்டும் ப்ளூடூத் கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது எஞ்சின் பக்கத்துப் பொதுவான கோடுகளைத்தான் படிக்கும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பம்ப் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதெல்லாம் உங்கள் ஸ்கேனருக்கு மட்டும் திறக்கும் பக்கங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கும்போது, உள்ளே இருப்பதைக் காட்டும் பொறுப்பும் உங்களுடையதே.

எங்கள் ஊரின் நிலைமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி கடற்கரைச் சாலை வரை வண்டிகள் உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கிறது. எர்த் ஒயரின் முனையில், வெளியே பிளாஸ்டிக் உறை பளபளப்பாக இருக்கும். உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் உள்ளே ஒயர் கறுத்து, விரலால் நெருடினால் தூளாக உதிரும். வெயில் நாளில் ஓடும், மழைக்கு மறுநாள் மக்கர் செய்யும் என்று உரிமையாளர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எத்தனை தெருக்களில் கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை உங்கள் பட்டறைகளே அறியும். அந்த வண்டிகளின் கனெக்டர்களைக் கழற்றிப் பார்க்காமல் 'சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு' என்று அனுப்புவது எந்த வகையில் சேரும்?

சோதனைகள் கடினமானவையும் அல்ல. வண்டி வந்ததும், எதையும் தொடாமல், முதலில் ஸ்கேன் செய்து தாள் எடுங்கள். அடுத்து பேட்டரி. ஓய்ந்து நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் ஏற வேண்டும். வோல்டேஜ் மட்டும் பார்த்து விட்டுவிடாமல் லோடு கொடுத்தும் சோதியுங்கள், ஏனென்றால் பம்ப் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் இன்னொன்றை கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஒயரைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, முறுக்கிப் பூட்டி, கிரீஸ் தடவ அரை மணி நேரம் போதும்.

ஹைட்ராலிக் வகையில் இன்னொன்று, காதாலேயே கண்டுபிடிக்கக்கூடியது. டிரைவர் கதவைத் திறந்ததும் பானட்டுக்குள் பம்ப் 'கிர்ர்' என்று சில நொடிகள் ஓடி நிற்கும். அது நிற்காமல் நீண்டாலோ, வண்டி நிற்கும்போது அடிக்கடி ஓடி ஓடி நின்றாலோ, அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் தளர்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. அதை அன்றே கவனித்தால் அக்யுமுலேட்டரோடு போகும். விட்டால் பம்ப் மோட்டார் எரியும், ரிலே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வீர்கள். இந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னவர்களுக்கு 'இந்த மாடலே அப்படித்தான்' என்று பதில் தந்திருக்கிறார்கள். சத்தம் வருவது இயல்பு. அது நீள்வது இயல்பல்ல.

ஓட்டிப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். இந்தப் பழுது ஈரத்தில் மட்டுமல்ல, சூட்டிலும் வருகிறது. மாலையில் இந்திரா காந்தி சிலையிலிருந்து நூறடிச் சாலை வழியாக மரப்பாலம், முருங்கப்பாக்கம் என்று ஊர்ந்து வரும்போது கிளட்ச் ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது. ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் என்பதால் சூடு தணிய நேரம் கிடைப்பதில்லை. காலையில் காலியாக இருக்கும் புறவழிச் சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் அது எப்படித் தெரியும்? ஸ்கேனரை மாட்டியபடி, வாடிக்கையாளரையும் உட்கார வைத்து, மாலை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 'நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை' என்று உங்கள் சர்வீஸ் அட்வைசர்கள் எடுத்த எடுப்பில் சொல்கிறார்கள். மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் எரியும் என்பது உண்மை. கையேட்டிலும் இருக்கிறது, நாங்களும் புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறோம். ஆனால் இந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. எப்போது எவ்வளவு வழுக்க வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் கம்ப்யூட்டர். நெரிசலில் கவலையில்லாமல் ஓட்டலாம் என்று விளம்பரம் செய்ததும் நீங்கள்தான். நெரிசலில் ஓட்டியது எப்படி எங்கள் குற்றமாகும்?

அதுமட்டுமா? டெலிவரிக்கு முன் அண்டர்பாடி கோட்டிங், உள்ளே ஒரு கோட்டிங், வெளியே ஒரு கோட்டிங் என்று பில்லில் ஏற்றத் தெரிகிறது. ஓர் எர்த் முனைக்குக் கிரீஸ் வைக்கத் தெரியவில்லை. வண்டி பாலத்தில் நின்றதைப் பற்றி ஒருவரும் போன் செய்து விசாரிக்கவில்லை. ஆனால் சர்வீஸ் முடிந்த மறுநாளே 'பத்துக்குப் பத்து போடுங்க சார், இல்லேன்னா எங்களுக்குப் பிரச்சினை ஆயிடும்' என்று ஒரு தம்பி கெஞ்சுகிறார். அந்தத் தம்பி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்த மதிப்பெண்ணை நம்பி, இந்த மாடலில் புகாரே இல்லை என்று தலைமை அலுவலகத்தில் நீங்கள் முடிவெடுக்கிறீர்களே, அதில்தான் கோபம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறோம்.

தாள் இல்லாததால் நடக்கும் பெரிய அநியாயம் வாரண்டியில்தான். 'ஓகே' என்று எழுதி அனுப்பிய ஒவ்வொரு முறையும் பழுதே இல்லாததாகக் கணக்காகிறது. அதே பழுது வாரண்டி முடிந்த மாதத்தில் முற்றினால் அது புதிய பழுது ஆகிவிடுகிறது. கிளட்ச் தேய்மானப் பொருள் என்று சொல்லிச் செலவு எங்கள் தலையில் விழுகிறது. முதல் முறை வந்த கோடு கையில் இருந்தால், வாரண்டிக்குள்ளேயே தொடங்கிய பழுது என்று காட்ட முடியும். நேர்மையான பட்டறைக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்; உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ சாலையில் போகும் மற்றவர்களுக்கோ ஆபத்து விளைவிக்கும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் எங்கள் போனில் இருக்கிறது. அந்த வழிகளுக்குப் போகும் முன் உங்களிடம் கேட்பதுதான் முறை என்பதால் கேட்கிறோம்.

ஆகவே, ஐயா, பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். கோடுகளை அழிக்கும் முன் அச்சிட்டுக் கொடுங்கள். வண்டி எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பதிவான கோடுகள், கிளட்ச் தேய்மான அளவு, பேட்டரி சோதனை முடிவு ஆகியவை அதில் இருக்கட்டும். அச்சு எந்திரம் இல்லை என்றால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். புதுச்சேரிப் பட்டறைக்கும் கடலூர்ப் பட்டறைக்கும் ஒரே உத்தரவாக, எழுத்தில் அனுப்புங்கள். ஒரு ஊரில் தருவதை இன்னொரு ஊரில் மறுக்க இடம் வைக்காதீர்கள். பாலத்தில் நின்ற அந்தக் காரை மீண்டும் வரவழைத்து, மேலே சொன்ன வரிசையில் சோதித்து, முடிவை அதன் உரிமையாளருக்கு எழுதிக் கொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இந்த உத்தரவு பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தால் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி ஏ.எம்.டி. கார் உரிமையாளர்கள் சிலர்