ஒரு லட்சம் டாலரைவிடப் பெரிய கவலை அந்த 60 நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு ஊழியர்களைக் கம்பெனிகள் வேலைக்குக் கொண்டுவரும் எச்-1பி விசாவுக்கு அமெரிக்கா விதித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு வருடம் அந்த விசாவில் டல்லாஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோவையில் இருப்பவள் நான். கட்டுரையில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எத்தனை பேர் இனி போக முடியும், பணத்தை யார் கட்டுவார்கள், நம் கம்பெனிகளுக்கு என்ன நஷ்டம் என்று வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு பத்தி கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மனுக்கள் அதிகமாக வந்தால் குலுக்கல் முறையில்தான் இந்த விசாவுக்கு ஆள் எடுப்பார்கள். 2018 ஏப்ரலில் அந்த லாட்டரியில் என் பெயர் வந்தது. அந்த வருடம் வந்தவை சுமார் 1.9 லட்சம் மனுக்கள். இருந்த இடமோ 85,000. அதிலும் 20,000 அமெரிக்காவிலேயே மேல்படிப்பு படித்தவர்களுக்கு. 65,000 என்ற அடிப்படை எண் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியது. நடுவில் சில வருடம் 1,95,000 வரை ஏற்றினார்கள். 2004-இல் பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டது. இணையம் வீட்டுக்குள் வராத காலத்தில் போட்ட கணக்கு அது. எனக்கு இடம் கிடைத்தபோது தெருவுக்கே இனிப்பு கொடுத்தார் அப்பா. விசா எனக்குக் கிடைத்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அது நான் வேலை செய்யும் கம்பெனியின் மனு. கம்பெனி என்னை விட்டால் விசாவும் என்னை விட்டுவிடும்.

2023 ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலை, பதினைந்து நிமிட வீடியோ அழைப்பில் என் வேலை போனது. பெரிய கம்பெனிகள் வரிசையாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த மாதம் அது. வேலை போனால் 60 நாள் அவகாசம் என்பது 2017-இல் வந்த விதி. அதற்கு முன்னால் அதுவும் கிடையாது. அந்த 60 நாளுக்குள் வேறு கம்பெனி வேலை கொடுத்து, வக்கீல் வைத்து, புது மனுவும் போட்டிருக்க வேண்டும். வேலைக்கு எடுப்பதற்கே நான்கு சுற்று இன்டர்வியூ, ஒன்றரை மாதம் என்று இழுக்கிற துறை இது. விசா என்று சொன்னதும் பாதிப் பேர் மறுபடி அழைப்பதில்லை.

என் கணவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். என்னைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்தவர். அந்த விசாவில் உள்ளவர்கள் வேலை செய்ய 2015-லிருந்து அனுமதி உண்டு. ஆனால் எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு (அங்கேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) மனு, கம்பெனி போடும் ஐ-140 என்ற விண்ணப்பத்தை அரசு ஏற்கும் கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். என்னுடையது தாண்டவில்லை. அதனால் படித்த படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சம்பளம் நின்றதும் வீட்டில் எல்லாமே நின்றது. இந்தியக் கடையில் 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, இதைத் தின்று தீர்க்க இங்கே இருப்போமா என்று யோசித்துத் திரும்ப அடுக்கிவிட்டு, நாலு பவுண்டு பாக்கெட்டோடு வந்தேன். இரண்டாம் வகுப்பு படித்த மகள் நூலகப் புத்தகத்தை எப்போது திருப்பித் தரணும் என்று கேட்டாள். அதற்குக்கூட எனக்குப் பதில் தெரியவில்லை.

47-ஆம் நாள் ஒரு வேலை வந்தது. பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எங்கள் டீமில் அதே நாளில் வேலை போன அமெரிக்க நண்பர் ஒருவரையும் அதே கம்பெனி அழைத்திருந்தது. இந்தச் சம்பளத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. நான் அன்று மாலையே கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தைத்தான் உங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தியர்கள் வந்து சம்பளத்தைக் குறைக்கிறார்கள் என்று அங்கே சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அன்று நான் குறைத்தேன்தானே? எனக்குத் திறமை குறைவு என்பதால் இல்லை. பேரம் பேசுவதற்கு என்னிடம் 13 நாள்தான் மிச்சம் இருந்தது. 2015-இல் ஆர்லாண்டோவில் டிஸ்னி சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியபோது, பதிலுக்கு வந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி பலரிடம் சொன்னார்கள். அந்த அமெரிக்கர்களின் வலி பொய் இல்லை. வேலையை விட்டுப் போக முடியாத ஒருவரைக் கம்பெனி எப்போதும் விரும்பும். அதனால் அடி வாங்குவது இரண்டு பக்கத்துத் தொழிலாளியும்தான். ஒரு லட்சம் டாலர் கட்டணம் இதில் எதையும் மாற்றவில்லை. அவ்வளவு பணம் கட்டி ஒருவரைக் கொண்டுவரும் கம்பெனி அவரை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் முன்பு 60 நாள்தான். 2024 ஜூலையில் அதை 180 நாள் ஆக்கினார்கள். கனடாவில் கம்பெனியே இல்லாமல் நாமே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000 என்றும், எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 சதவீதம்தான் என்றும் வைத்திருப்பதால், நம்மவர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக வரிசையில் நிற்கிறார்கள். அதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை வரிசையிலிருந்தே வெளியே.

என் கதை அதுவரைகூடப் போகவில்லை. எச்-1பி மொத்தம் ஆறு வருடம். கிரீன் கார்டு மனுவைச் சரியான நேரத்தில் தொடங்கியிருந்தால்தான் அதற்கு மேல் நீட்டிப்பு. பழைய கம்பெனி தொடங்கியது அதோடு போனது. புதுக் கம்பெனி, ஒரு வருடம் வேலை செய், அப்புறம் பார்க்கலாம் என்றது. அந்த ஒரு வருடத்தில் என் நேரம் கடந்துவிட்டது. 2024-இல் திரும்பினோம்.

இன்னொன்று, யாரும் பேசாதது. ஆறு வருடமும் என் சம்பளத்தில் 6.2 சதவீதம் அங்குள்ள சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதிய நிதிக்குப் போனது. கம்பெனியும் அதே அளவு கட்டியது. ஓய்வூதியம் பெறப் பத்து வருடக் கணக்கு வேண்டும். ஆறு வருடம் உழைத்துத் திரும்பியவளுக்கு ஒரு பைசா கிடையாது. ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா நாடுகளோடு இதற்கு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறது. 2025-இல் பிரிட்டனோடு பேசும்போது, கொஞ்ச காலத்துக்கு அங்கே அனுப்பப்படும் ஊழியர்கள் இந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்று பேசி வாங்கினார்கள். அமெரிக்காவோடு அப்படி எதுவும் இல்லை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் நம் அரசு இதையும், அந்த 60 நாளையும் மேஜையில் வைக்க வேண்டும். கட்டணம் கம்பெனிகளின் கவலை. இவை இரண்டும் எங்கள் கவலை.

என் அக்கா மகன் இந்த முறை லாட்டரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். போகாதே என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் கற்றுக்கொண்ட வேலைதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. கிரீன் கார்டு மனுவை எந்த மாதம் தொடங்குவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். கேட்டால் வேலை தர மாட்டார்களோ சித்தி என்று பயப்படுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்.