லோத்புரோக் வாள் அல்ல, உரோமக் கால்சட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வைக்கிங் (பழைய வட ஐரோப்பியக் கடலோடிப் போர்வீரர்கள்) தலைவன் ரக்னர் லோத்புரோக் பற்றி எழுதியவர், லோத்புரோக் என்றால் 'இரத்தம் குடிக்கும் வாள்' என்று பொருள் போட்டிருக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துவிட்டாள். பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

அது வாள் இல்லை ஐயா, கால்சட்டை. வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'லோத்' என்றால் அடர்ந்த உரோமம், 'புரோக்' என்றால் கால்சட்டை. தோரா என்ற பெண்ணின் வீட்டைச் சுற்றிக் கிடந்த பெரும்பாம்பைக் கொல்லப் போனபோது, விஷம் உடம்பில் படாமலிருக்க உரோமத்தில் கால்சட்டையும் மேலாடையும் தைத்து, தாரில் காய்ச்சி எடுத்து உடுத்திக்கொண்டு போனான் என்கிறது 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கதை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிற கதை இது, இதை விட்டுவிட்டு எதற்கு இல்லாத வாள்? படை வேண்டுமென்றால் 'ரக்னர்' என்ற பெயரிலேயே இருக்கிறது; முன்பாதிக்கு ஆலோசனை என்றும் பின்பாதிக்குப் படை என்றும் பொருள்.

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டு நாயின் கழுத்து முடிக்குள் கையை விட்டுக்கொண்டு என் பேரன் "லொடென், லொடென்" என்பான். புசுபுசுவென்று முடி இருந்தால் அங்கே இன்றைக்கும் அதுதான் வார்த்தை.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடம் முன்பு கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வைக்கிங் படம் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. 1943-ல் நார்வேயில் யெர்முன்பூ என்ற இடத்தில் கிடைத்த தலைக்கவசத்தை ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தவன் நான். உருண்டை இரும்பு, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு காப்பு, அவ்வளவுதான். அந்தக் கொம்பு பரவியது 1876-ல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளால். அப்புறம், வைக்கிங்குகள் மண்டை ஓட்டில் மது குடித்தார்கள் என்றும் ஒருமுறை வந்தது. ரக்னர் சாகும்போது பாடியதாகச் சொல்லும் பாட்டில் 'மண்டையின் வளைந்த கிளைகள்' என்று வருவது மது குடிக்கும் மாட்டுக் கொம்பு. 17ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தபோது அதை மண்டை ஓடாக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 22 வருடமாகத் தங்கள் இதழை வாங்கும் எனக்கு, பிள்ளைகள் பக்கம்தானே என்று விட்டுவிடுகிறீர்களோ என்பதுதான் வருத்தம். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் போடுங்கள். வெட்டி எடுத்துப் பேத்தியின் நோட்டில் நானே ஒட்டிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்