அளவு பொய்க்கும் பென் டிரைவ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கூலி அடிப்படையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்டுத் தரும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். டிசைன் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றி எந்திரத்தில் செருகுவது எங்கள் அன்றாட வேலை. அதற்காக 128 ஜிபி என்று அச்சிட்ட ஒன்றை, மற்ற கடைகளில் கேட்டதில் பாதி விலைக்கு வாங்கினேன். பில் கேட்காதது என் தவறுதான். எம்ப்ராய்டரி கோப்புகள் மிகச் சிறியவை என்பதால் ஏழெட்டு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. மகளின் திருமண வீடியோவை, சுமார் 70 ஜிபி, ஸ்டூடியோக்காரர் அதில் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் வினை வெளிப்பட்டது. கோப்புகளின் பெயரும் அளவும் சரியாகவே தெரிந்தன. ஆனால் நிச்சயதார்த்தப் பகுதி மட்டும் ஓடியது, முகூர்த்தம் திறக்கவே இல்லை. ஸ்டூடியோவிலோ அதற்குள் மூலத்தை அழித்துவிட்டிருந்தார்கள்.

சோதித்துப் பார்த்ததில் உள்ளே இருந்தது 8 ஜிபி சிப் மட்டுமே. கணினி கேட்டால் 128 என்று பொய் சொல்லுமாறு அதன் கண்ட்ரோலர் (சிப்பில் எழுதுவதையும் படிப்பதையும் நடத்தும் பகுதி) மாற்றப்பட்டிருக்கிறது. இடம் தீர்ந்த பின் வருவதை அது வாங்கிக்கொள்வது போல நடித்து, எங்கும் எழுதாமல் விட்டுவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் 8 எம்பி கொள்ளளவோடு விற்பனைக்கு வந்த சாதனம் இன்று டிபி கணக்கில் வளர்ந்துவிட்டதால், எந்த எண்ணை அச்சிட்டாலும் நமக்கு நம்பத் தோன்றுகிறது. கடைக்காரரிடம் கேட்டபோது, எல்லாப் பென் டிரைவும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்றார். 128 ஜிபி என்பது கணினியில் ஏறத்தாழ 119 என்று தெரிவது உண்மைதான். அது ஒரு ஜிபியைக் கணக்கிடத் தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குவதற்கும் கணினி 1024ஆல் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடு. எட்டை 128 என்று விற்பதற்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

மஞ்சள் மண்டித் தராசுக்கும் பெட்ரோல் பங்க் பம்புக்கும் முத்திரை இட்டுச் சரிபார்க்கும் அரசு, இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வியப்பாக இருக்கிறது. பொட்டலப் பொருட்களின் உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. நான் வாங்கிய உறையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பென் டிரைவையும் நிரப்பிச் சோதிக்க மணிக்கணக்கில் ஆகும், அதை அதிகாரிகளிடம் எதிர்பார்க்கவில்லை. உறையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவினர் திருப்பூர், ஈரோடு, கோவைப் பேருந்து நிலையச் சுற்றுவட்டாரக் கடைகளிலிருந்தே அந்த ஆய்வைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எம்ப்ராய்டரி பட்டறை உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.